ஏதிலியர் அல்லர், இசைவாணர்!

(பேட்டையில் நடைபெற்ற பொங்கல் விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

‘கலையும் தமிழர் ஒருமையும்’ என்னும் தலைப்பில் பேசுமாறு விழாக்குழுவினர் பணித்தனர். அதனை முழுதும் விரிக்கப் பொழுது போதாது. ஆகையால் அதனுள் அடங்கிய ஒரே ஒரு செய்தியை எடுத்து, ஒரு வேண்டுகோளாக உங்கள்முன் வைக்கின்றேன். ஈழத்தினின்று வந்து நம் பக்கத்தே வாழும் கலைஞரை, அடுத்த பொங்கல் விழாவில் நம் களத்தின் நடுவே அழைத்து ஆடவும் பாடவும் செய்ய வேண்டும். இதுவே என் வேண்டுகோள்.

பேட்டை என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். நகரை ஒட்டி, சந்தையும் வணிகமும் சூழ அமைந்த புறநகரையே பேட்டை என்றனர். வந்தவர்க்கு இடங்கொடுத்து வளர்ந்த ஊர் அது. இவ்வூரில் வாழும் குடும்பங்களுள் எத்தனையோ, தலைமுறை சில முன்பு வேறிடத்திலிருந்து தொழில் நாடி வந்தவைதாம். வந்தவரை ஏற்பது பேட்டைக்குப் புதிதன்று.

நம் பொருநை ஆற்றுக்கும் அந்தத் தீவுக்கும் உள்ள தொடர்பும் புதிதன்று. இவ்வாற்றுக்கு வழங்கும் மற்றொரு பெயரே பழங்காலத்தில் அத்தீவுக்கும் வழங்கிற்று. பாலி நூல்கள் தம்பபண்ணி என்றன. கிரேக்கர் தப்ரபேன் என்றனர். ஆறும் தீவும் ஒரு பெயரைத் தாங்கியிருந்த காலத்தில், இடையிலிருந்த கடல் மக்களைப் பிரிக்கவில்லை, சேர்த்தது.

1983 சூலையில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின், அக்கடலைக் கடந்து ஏறத்தாழ மூன்று இலக்கம் தமிழர் இங்கு வந்தனர். பலர் திரும்பினர், பலர் வேற்று நாடுகளுக்குச் சென்றனர். 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு கூறிய கணக்கின்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 58 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். நம் நெல்லை மாவட்டத்துக் கங்கைகொண்டானிலும் அத்தகைய முகாம் உண்டு. முகாம் என்னும் அயற்சொல் சில நாள் தங்குமிடத்தைக் குறிப்பது. ஆனால் அங்கே பிறந்த குழந்தை பெற்றோராகி, அவர்தம் குழந்தை பள்ளிக்குச் செல்கின்றது. 2021இல் அரசு அவற்றின் பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாற்றிற்று. பெயர் மாறியது நன்று. நம் பார்வை மாறிற்றா?

அகதி என்னும் வடசொல்லை விலக்கி, ஏதிலி என்று நாம் எழுதுகின்றோம். சொல் தமிழாயிற்று; மகிழ்ச்சிதான். ஆயினும் ஏதிலி என்பதற்கு அயலார் என்பதே பழம்பொருள். நம் மொழியைப் பேசி, நம் பண்ணைப் பாடுவோர் நமக்கு அயலாரா? மத்தளம் கொட்டுபவனை மத்தளக்காரன் என்று அழையுங்கள். கூத்துப் பயிற்றுபவரை அண்ணாவியார் என்று அழையுங்கள். அவர்கள் இழந்தது நாடும் வீடும். பெயரையும் நாம் பறிக்க வேண்டா.

நம் முன்னோர் இதில் நமக்கு வழிகாட்டியுள்ளனர். பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படை நூல்கள். அவற்றுள் நான்கு, ஊர்விட்டு ஊர் செல்லும் பாணர்க்கும் பொருநர்க்கும் கூத்தர்க்கும் வழிகாட்டுபவை. பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், வழியில் காணும் வறிய கலைஞனைத் தடுத்து நிறுத்தி, ‘இவ்வழியே செல்’ என்று கூறுவான். அலைந்து வாழும் கலைஞனுக்கென்று ஓர் இலக்கிய வகையையே படைத்த இனம் நம் இனம். கலைஞனை வழியனுப்பும் கரிகாலன் ஏழடி தொலைவு அவன்பின் நடந்து சென்றதாகப் பொருநராற்றுப்படை கூறுகின்றது. பேரரசன் முன்னே செல்லவில்லை, பின்னே நடந்தான்! நாமோ அரிசிப்பையைக் கையில் கொடுத்து, ஒளிப்படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றோம். அரிசி வேண்டியதுதான். ஆனால் அரிசி கொடுப்பவன் கை மேலேயே இருக்கின்றது. பாட்டுக் கேட்பவனோ பாடுபவன் முன் தாழ்ந்து அமர்கின்றான். அந்த ஒரு பொழுதேனும் நாம் தாழ்ந்து அமர்ந்து கேட்க வேண்டும்.

ஈழத்திலிருந்து நாம் பெற்றவை சிறியனவா? மட்டக்களப்பை அடுத்த காரைதீவில் 1892இல் பிறந்தவர் விபுலானந்த அடிகள். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர் அவரே. நாம் இழந்துவிட்ட யாழ்க் கருவிகளின் இலக்கணத்தைச் சிலப்பதிகாரத்தினின்றும் பிற நூல்களினின்றும் அகழ்ந்தெடுத்து யாழ்நூலை இயற்றினார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் துணையால் 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அது அரங்கேறிற்று. சாம்பவர்வடகரையில் பிறந்த நம் ஆபிரகாம் பண்டிதர் தஞ்சைக்குக் குடிபெயர்ந்து 1917இல் கருணாமிர்த சாகரம் வெளியிட்டார். தமிழிசையின் இரு பெருநூல்களையும் தம் பிறந்த ஊரைவிட்டு வந்து வாழ்ந்த இருவர் நமக்குத் தந்தனர் என்பதை மறவாதீர்!

தஞ்சைப் பகுதி நாகசுர, தவில் கலைஞர் யாழ்ப்பாணம் சென்று பல காலம் தங்கி வாசித்தனர். அங்குச் செழித்த அக்கலையினின்று எழுந்தவர் தவிற் பேரறிஞர் யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி (1933–1975). தமிழகத்தார் அவர் தவிலைக் கேட்டு வியந்தனர். நம் தென்பாண்டி நாட்டு வில்லிசையை ஈழத்து மக்களிடையே பரப்பினார், சின்னமணி என்று அவர்கள் அன்போடு அழைத்த நா. கணபதிப்பிள்ளை. கொடுத்ததும் கொண்டதும் எவரென்று பிரித்தறிய முடியாத உறவு இது.

மலையகத் தமிழர் செய்தி இன்னும் நெஞ்சைச் சுடும். நெல்லை, மதுரை, முகவை, திருச்சிப் பகுதிகளினின்று காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் சென்ற உழைப்பாளர், காமன் கூத்தையும் பொன்னர் சங்கர் கதையையும் உடன் கொண்டு சென்றனர். 1964ஆம் ஆண்டுச் சிரிமா–சாத்திரி உடன்படிக்கை அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வேண்டுமென்றது. அவர்களைக் கேளாமலே அவர்களைப் பங்கிட்டனர்! அங்கே ‘கள்ளத்தோணி’ என இகழப்பட்டவர், இங்கு வந்ததும் ‘சிலோன்காரர்’ ஆயினர். இரு கரையும் அவர்களை அயலார் என்றது. அவர்கள் காத்த கூத்து மட்டும் இரு கரைக்கும் உரியதாய் நின்றது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவ்விழப்பைப் பேசும்போது நாம் கண் கலங்குகின்றோம். ஆனால் கூத்துக்கு ஏடு, ஆடுபவரின் உடலும் நினைவுமே. மன்னார்ப் பக்கத்து வடபாங்கு, தென்பாங்குப் பாட்டுகளையும் வன்னிப் பக்கத்துக் கூத்து மெட்டுகளையும் நெஞ்சில் தாங்கி வந்தவர்க்கு அகவை எழுபது, எண்பது ஆகிவிட்டது. அவர்தம் பேரப்பிள்ளைகள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் திரைப்பாட்டே கேட்டு வளர்கின்றனர். ஒரு முதியவர் மறையும்போது ஒரு நூலகம் ஓசையின்றி எரிகின்றது. அதனை எரிப்பவர் எவருமிலர். கேட்க ஆளில்லாமையே தீயாகின்றது.

உலகில் பிறர் என்ன செய்கின்றனர்? ஆங்கில நாட்டில் 1998 முதல் ஆண்டுதோறும் ஏதிலியர் கிழமை கொண்டாடுகின்றனர். கனடாவில் 2015 முதல் தொராண்டோ நகரின் தெருவையே அடைத்துத் தமிழர் தெருவிழா நடக்கின்றது. நம் உறவினர்க்கு அயல்நாட்டுத் தெரு களமாகும்போது, பொருநைக் கரைத் தெரு களமாகக் கூடாதா?

‘நம் வில்லிசைக் கலைஞர்க்கும் கணியான் கூத்தர்க்குமே வாய்ப்பில்லையே, இதில் புதியவரை அழைப்பதா?’ என்று சிலர் கேட்பர். நேரிய கேள்வி. அதற்கு விடை இருவரையும் ஒரே இரவில் ஒரே களத்தில் நிறுத்துவதே. நம் கணியான் கூத்தின் மகுடம் முழங்கி ஓய்ந்ததும் அவர்தம் மத்தளம் முழங்கட்டும். கூத்தாசிரியரை ஈழத்தில் அண்ணாவியார் என்பர். நம் முத்துக்குளித்துறைக் கரையிலும் அப்பெயர் உண்டு. இரு கரை அண்ணாவிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் காணட்டும்.

‘விழா எடுத்தால் உரிமை கிடைத்துவிடுமா?’ என்று வேறு சிலர் கேட்பர். கிடைக்காது. உண்மையை மறைக்க வேண்டா. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாட்டினரைக் குறித்தது, ஈழத்தமிழரைக் குறிக்கவில்லை. 1983இல் கைக்குழந்தையாய் இருந்தவர் நாற்பதைக் கடந்தும் குடியுரிமைக்குக் காத்திருக்கின்றனர். அவ்வுரிமையைப் பாட்டால் வாங்க முடியாது. ஆனால் ஒரு மக்களுக்காகக் குரல் கொடுக்க வேண்டுமெனில் முதலில் அவர்கள் முகம் தெரிய வேண்டும். பெயர் தெரிய வேண்டும். அவர் பாட்டைக் கேட்ட ஊர், நாளை அவர் வழக்கில் சான்று சொல்லும் ஊராகும்.

ஆகவே, செய்ய வேண்டியவற்றைச் சுருங்கக் கூறுகின்றேன்.

முதலாவது, விழாக்குழுவில் அவர்களுள் இருவரேனும் இருத்தல் வேண்டும். எதை ஆடுவது, எதைப் பாடுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். துயரப் பாட்டு மட்டுமே பாட வேண்டும் என்று நாம் கட்டளையிடலாகாது. நகைச்சுவைப் பாட்டும் திருமணப் பாட்டும் அவர்களிடம் உண்டு. நாற்பதாண்டும் அழுதுகொண்டேயிருக்க எவராலும் இயலாது.

இரண்டாவது, ஊதியம். பேசுவோர்க்கு வழிச்செலவு தருகின்றோம். ஒலிபெருக்கிக்காரர்க்குக் கூலி தருகின்றோம். கலைஞர்க்கு மட்டும் பொன்னாடையும் கைத்தட்டலுமா?

மூன்றாவது, களம். மட்டக்களப்புக் கூத்து, மக்கள் சுற்றி நிற்க வட்டக்களரியில் ஆடப்படுவது. அங்கே சட்டங்கொடுத்தல், சதங்கையணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் எனப் படிப்படியாகத் திங்கள் கணக்கில் ஊரே கூடிக் கூத்தை வளர்க்கும். அத்தகைய கலையைப் பத்து நிமையத்தில் முடிக்கச் சொல்வது இழிவு. முழு இரவையும் ஒதுக்குங்கள்.

நான்காவது, இசைவு. முகாமில் வாழ்வோர் வெளியூரில் தங்க முன்னிசைவு பெற வேண்டும்; ஆள்கணக்கெடுப்பு நாளும் உண்டு. அந்நாளை அறிந்து விழா நாளைக் குறிக்க வேண்டும். உரிய விண்ணப்பத்தை நாமே எழுதி, அலுவலகத்துக்கு நாமே நடக்க வேண்டும்.

ஐந்தாவது, பதிவு. ஒவ்வொரு பாட்டையும் ஒலியாகவும் எழுத்தாகவும் பதிந்து, ஒரு படியை அவர்களிடமும் ஒரு படியை நம் ஊர் நூலகத்திலும் வைத்தல் வேண்டும். முகாம்ப் பிள்ளைகளும் பேட்டைப் பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்து கற்க, விழாவுக்குப் பின் கிழமைக்கு ஒரு மாலை ஒதுக்க வேண்டும்.

பேட்டைப் பெருமக்களே! இவற்றுள் எதற்கும் பெருஞ்செல்வம் வேண்டா; எந்த அரசின் ஆணையும் வேண்டா. தெருவுக்கு ஒருவர் பொறுப்பேற்றால் போதும். பொறுப்பேற்க முன்வருவோர் கூட்டம் முடிந்ததும் தலைவரிடம் பெயர் தாருங்கள். முதற் பணியாக, வரும் ஞாயிற்றுக்கிழமை கங்கைகொண்டான் சென்று அங்குள்ள முதியோர் எவரெவர்க்கு எந்தெந்தக் கூத்துத் தெரியும் என்று கேட்டறிவோம்.