புதுக்குப்புறம்: பெங்களூரின் பழங்கட்டடங்களும் பராமரிப்பு அறமும்

ஒரு சமூகம் தன் முன்னோர் விட்டுச்சென்ற கட்டடங்களை எவ்வளவு மதிக்கிறது என்பதை, அவற்றை எழுப்பிய நாளில் செலவான பொருளைக் கொண்டன்றி, அதன்பின் ஆண்டுதோறும் அவற்றின் பராமரிப்புக்கு ஒதுக்கப்பட்ட பொருளைக் கொண்டே அறிய வேண்டும். இவ்வுண்மையை இடைக்காலத் தென்னாடு தெளிவாக உணர்ந்திருந்தது. கோயிலைப் பழுதுபார்ப்பதற்கென்றே விடப்பட்ட இறையிலி நிலம் தமிழ்க் கல்வெட்டுகளில் புதுக்குப்புறம் எனப்பட்டது. கன்னட நாட்டுச் சாசனங்களிலோ, உடைந்ததையும் சிதைந்ததையும் சீர்செய்தல் எனப் பொருள்படும் கண்டஸ்புடித ஜீர்ணோத்தாரம் என்னும் தொடர், கொடையின் நோக்கங்களுள் ஒன்றாகத் திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. விளக்கெரிக்கவும் அமுதுபடைக்கவும் நிவந்தம் வைத்தவர்கள், விரிசலை அடைக்கவும் நிவந்தம் வைத்தார்கள்.

கல்லில் உள்ள வரலாறு

பெங்களூரின் பழமைக்குரிய சான்றுகளுள் கணிசமானவை தமிழ்க் கல்வெட்டுகளாக அமைந்துள்ளன. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளும், வெங்கலூர் என்னும் ஊர்ப்பெயரைத் தாங்கிய மடிவாளம் சோமேசுவரர் கோயிலின் 1247ஆம் ஆண்டுக் கல்வெட்டும் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இத்தகைய எழுத்துகளுக்குப் பகை, கைவிடப்படுதல் மட்டுமன்று; அறியாது செய்யப்படும் திருப்பணியும் பகையே. கல்லைத் தூய்மையாக்கும் எண்ணத்தில் அழுத்தக் காற்றுடன் மணலைப் பீய்ச்சும்போது கருங்கல்லின் மேற்பரப்பு உதிர்ந்து எழுத்தின் விளிம்பு மழுங்குகிறது. பிறகு பூசப்படும் எனாமல் வண்ணம் எஞ்சிய வரிகளையும் நிரப்பி மறைத்துவிடுகிறது. எழுநூறு ஆண்டு மழையும் வெயிலும் அழிக்காத எழுத்து ஒரு குடமுழுக்கு ஏற்பாட்டில் அழிந்துபோகக் கூடும்.

அட்டாரா கச்சேரி

1864இல் தொடங்கி 1868இல் முடிக்கப்பட்ட அட்டாரா கச்சேரி, அரசின் பதினெட்டுத் துறைகளுக்கும் இடமளித்ததால் அப்பெயர் பெற்று, இன்று கர்நாடக உயர் நீதிமன்றமாக விளங்குகிறது. இதனைக் கட்டியெழுப்பிய ஒப்பந்ததாரர் ராவ் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியார், தாம் ஈட்டிய செல்வத்தைக் கல்விக்கு ஈந்த தமிழர்; 1873இல் அவர் நிறுவிய பள்ளி ஆர்.பி.ஏ.என்.எம். கல்வி அறநிலையங்களாக வளர்ந்து நிற்கிறது. 1980களில் அட்டாரா கச்சேரியை இடிக்கும் திட்டம் எழுந்தபோது, அதனை எதிர்த்த பொதுநல வழக்கு அதே கட்டடத்தில் விசாரிக்கப்பட்டது, கட்டடமும் பிழைத்தது. அந்தப் பேறு எல்லாக் கட்டடங்களுக்கும் வாய்ப்பதில்லை. லால்பாக் தோட்டத்தின் கிரும்பிகல் அரங்கு, பராமரிப்பின்றிச் சிதைந்து, 2017இல் இல்லாமற்போயிற்று.

சுண்ணாம்பும் சிமெண்டும்

அட்டாரா கச்சேரி காலத்துக் கட்டடங்கள் பல செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுந்தவை. சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் உடையதாதலால், சுவருக்குள் புகுந்த ஈரம் அதன் வழியே ஆவியாகி வெளியேறுகிறது. அதன்மேல் சிமெண்டைப் பூசினால், வெளியேற வழியற்ற ஈரம் உள்ளேயே தங்கி, உப்பைப் பூக்கச் செய்து, செங்கல்லைப் பொடியாக்குகிறது. வெளித்தோற்றம் புதிதாய் மின்னும்போதே சுவர் உள்ளே நலிகிறது. மெட்ராஸ் டெரஸ் எனப்படும் கூரையில், மர உத்திரங்களின் மேல் செங்கற்கள் செங்குத்தாக அடுக்கப்பட்டுச் சுண்ணாம்புச் சாந்தால் இறுக்கப்பட்டிருக்கும். அதன் மழைநீர்த் தூம்பு சருகால் அடைபட்டால், தேங்கும் நீர் உத்திரத்தின் முனையை, அது சுவருக்குள் செருகப்பட்ட இடத்திலேயே, உளுக்கச் செய்கிறது. கைப்பிடிச்சுவர் இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றோ, முதலாண்டில் கையால் பிடுங்கத்தக்கது. பத்தாண்டு கழிந்தால், சுவரைப் பிரிக்காமல் அதனை அகற்ற இயலாது.

அறங்காவலர் கடமை

எனவே பாதுகாப்பு என்பது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நிகழும் பெருஞ்செலவன்று. ஒவ்வொரு மழைக்கும் முன்பு தூம்பைத் துப்புரவு செய்யும் சிறு உழைப்பே ஆகும். கோயில், பள்ளி, தேவாலயம், பள்ளிவாசல் என எதை நிருவகிக்கும் குழுவாயினும், ஆண்டு வருவாயில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கெனத் தனிக்கணக்கில் வைத்து, வேறெதற்கும் அதனைத் தொடாதிருக்க வேண்டும். பணி தொடங்கும் முன் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார்களுக்கு ஆண்டு முழுவதும் வேலை தந்து, அக்கைத்திறன் அற்றுப்போகாமல் காக்க வேண்டும். புதிய மண்டபத்துக்கு நன்கொடை தர முன்வரும் அன்பர்கள், அக்கொடையின் ஒரு பகுதியையேனும் பழைய மண்டபத்தின் கூரைக்கு எழுதிவைப்பார்களாக.