தாதித் தொழிலும் நம் தோட்டச் சகோதரிகளும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் பிறந்த பெண்ணொருத்தி தாதியாக விரும்பினால் முன்னாளில் சட்டமே குறுக்கே நின்றது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. பிரஜையல்லாதவருக்கு அரசாங்க உத்தியோகம் ஏது? 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் நம்மை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. இறுதிவரை எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கியது.

சட்டத்தின் கதவு திறந்தது. பள்ளிக்கூடத்தின் கதவோ இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. அரசாங்கத் தாதிப் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களில் சித்தியடைய வேண்டும். அவற்றைத் தமிழில் போதிக்கும் பாடசாலைகள் நம் பகுதியில் மிகச் சில. ஆகவே பல பெண்கள் பணங்கட்டிக் குறுகிய காலப் பயிற்சி பெறுகிறார்கள். பெற்றோர் பால் வெட்டியும் கொழுந்து பறித்தும் சேர்த்த பணம் அது. பிறகு அரசாங்க வேலைக்கு விண்ணப்பித்தால், அந்தப் பத்திரம் செல்லாது என்ற பதிலே கிடைக்கிறது. அப்பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்!

பெற்றோரே, பணங் கட்டுமுன் அப்பத்திரத்தை அரசாங்க ஆஸ்பத்திரிகள் ஏற்குமா என்று விசாரியுங்கள். இளைஞர்களே, வர்த்தமானியில் விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வந்தவுடன் லயந்தோறும் அறிவியுங்கள். மாலை வேளைகளில் விஞ்ஞானமும், உடன் பணிபுரிவோரோடு பேசச் சிங்களமும் கற்பிக்க நம் மன்றமே வகுப்பு நடத்தட்டும்.

நோயாளி தன் வலியைத் தன் மொழியில் சொன்னால் புரிந்துகொள்ள ஆஸ்பத்திரியில் ஒருத்தி வேண்டாமா? அவள் நம் தோட்டத்திலிருந்து போகட்டும்.