பாலர் பள்ளிக்கு ஓராண்டுத் தவணை

(பங்கின் பாலர் பள்ளியில் புதிய தலைமை ஆசிரியை பொறுப்பேற்ற நாளன்று, பெற்றோரும் பங்குப் பேரவையினரும் கூடியிருந்த அவையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்னாடையும் மாலையும் போட்டாயிற்று. இனி உள்ளதை உள்ளபடி பேசுவோம். ஒரு காலத்தில் மூன்று வகுப்புகளாக நடந்த இப்பள்ளியில் இன்று ஓர் அறையில்தான் பிள்ளைகளின் சத்தம் கேட்கிறது. மற்ற இரண்டிலும் திருவிழாச் சப்பரத்தின் பலகைகள் கிடக்கின்றன. வரும் மே மாதத்தோடு பள்ளியை மூடிவிட்டுக் கட்டடத்தைத் திருமண மண்டபமாக்கலாம் என்று நிதிக்குழுவினர் எழுத்து மூலமாகவே கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வரவைவிடச் செலவு மிகுந்த கணக்கேட்டை மாதந்தோறும் புரட்டுகிறவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? நாம் ஓராண்டுத் தவணை கேட்டோம். தந்திருக்கிறார்கள். அந்தத் தவணையைத்தான், அம்மா, உங்கள் கையில் இன்று ஒப்படைக்கிறோம்.

இந்த நிலை வந்ததற்கு யாருடைய சோம்பலும் காரணமல்ல. பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் அடைத்த பாலர் பள்ளிகளின் கதவு தமிழ்நாட்டில் 2022 பிப்ரவரியில்தான் திறந்தது. அதற்குள் மூன்று வயதுப் பிள்ளை ஐந்து வயதாகி நேரே முதல் வகுப்புக்குப் போய்விட்டது. தம்பியையும் தங்கையையும் இங்கே கூட்டி வரும் வழக்கம் வீடுகளில் அறுந்துபோயிற்று. அதற்கு முன்பே, 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. அங்கே கட்டணம் இல்லை. ஏழைத் தகப்பன் அங்கே போவது நியாயமே. அதை நாம் போட்டியாக எண்ணவும் இல்லை.

ஆனால் அத்தனை பேர் போன பின்பும் இங்கே வருகிற பிள்ளைகள் யாருடையவர்கள்? காலை எட்டு மணிச் சங்குக்கு மில்லுக்குள் நிற்க வேண்டிய தாய்மாருடையவர்கள். சித்தாள் வேலைக்குப் போகிறவர்களுடையவர்கள். மாலை ஐந்தரை வரைக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவர்களுக்கு வேறு இடமில்லை. இதை மூடினால் ஒன்று அந்தத் தாய் வேலையை விட வேண்டும், அல்லது எட்டு வயது அக்காளைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தம்பியைப் பார்க்க வைக்க வேண்டும். இது கற்பனையல்ல. வீடு மந்திரிக்கப் போகும்போது இடுப்பில் தம்பியோடு வாசலில் நிற்கும் அக்காள்களைப் பார்த்திருக்கிறோம். நிதிக்குழுவின் ஏட்டில் இதற்குப் பத்தி கிடையாது.

கணக்குப் பார்ப்பது தவறென்று சொல்ல வரவில்லை. மரியா மாண்டிசோரி அம்மையாரின் முதல் குழந்தைகள் இல்லம், ரோமாபுரியின் சான் லொரென்சோ என்ற ஏழைப் பகுதியில், 1907 ஜனவரி 6ஆம் நாள், மூன்று இராஜாக்கள் திருநாளன்று தொடங்கியது. அதுவும் கணக்குப் பார்த்துப் பிறந்ததுதான். பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் சுவரைக் கிறுக்கி, மாடிப்படிகளைப் பாழாக்கினார்கள். சுவரைச் செப்பனிட ஆகும் பணத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை தரலாமென்று கட்டட உரிமையாளர்கள் கண்டார்கள். அம்மையார் மருத்துவர். அவருக்கு உதவியாகக் கிடைத்தவரோ ஆசிரியப் பயிற்சி பெறாத ஓர் இளம்பெண். பிள்ளைகளே தூக்கி நகர்த்தக்கூடிய சிறு மேசை நாற்காலிகளைச் செய்வித்தார். தாய்மார் வாரம் ஒரு முறையாவது பொறுப்பாளரோடு கலந்து பேச வேண்டும் என்பது அந்த இல்லத்தின் விதி. பிற்காலத்தில், 1939இல், அவர் சென்னை அடையாறுக்கு வந்தார். போர்க்காலத்தில் இந்நாட்டிலேயே தங்கிக் கொடைக்கானலிலும் பணிசெய்தார். ஆகையால் அவர் நமக்கு அந்நியரல்லர்.

அம்மா, புதிதாக வருகிறவருக்குச் சுவருக்குச் சாயம் பூசவும் சீருடையை மாற்றவும் கை துறுதுறுக்கும். பெயர்ப் பலகையில் 'இன்டர்நேஷனல்' என்று சேர்த்தால் கூட்டம் வரும் என்று யோசனை சொல்லவும் ஆட்கள் உண்டு. (பலகை எழுதுகிறவருக்கு வருமானம் வரும் என்பது மட்டும் நிச்சயம்.) முதல் மாதம் இவை எதுவும் வேண்டாம். இங்கே இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கும் நம் ஆயா அம்மாவோடு காலையில் வாசற்கதவருகே நில்லுங்கள். எந்தப் பிள்ளை பசியோடு வருகிறது, எது அழுகையை அடக்கிக்கொண்டு வருகிறது, எந்தப் பிள்ளையை மாலையில் பாட்டியிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வருகைப் பதிவேட்டில் அவை இல்லை. அவருடைய கையெழுத்து சம்பளப் பட்டியலின் கடைசி வரியில் இருக்கிறது. பள்ளி இன்றுவரை மூடாமல் நிற்பதற்கு அவர்தான் காரணம் என்பது நம் எண்ணம். அவர் சொல்லைக் கேளாமல் எதையும் மாற்றாதீர்கள்.

அடுத்தது, கதவு சொன்ன நேரத்தில் திறக்க வேண்டும். மழை பெய்தாலும், பூசை நீண்டாலும் ஏழரைக்குத் திறக்கட்டும். எட்டு மணிச் சங்கை நம்பி வாழும் தாய்க்கு இதைவிடப் பெரிய உதவியை நம்மால் செய்ய முடியாது. மாலையில் பேருந்து தவறி ஆறு மணிக்கு ஓடிவருகிற தாயைப் பிள்ளையின் முன்னால் கடிந்துகொள்ள வேண்டாம். குழாய் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அதை இறக்கிவைக்கக் குழாய்க்காரரிடம் சொல்லியாயிற்று. ஆசிரியையருக்கும் ஆயாவுக்கும் மாதம் முதல் தேதியில் சம்பளம் கொடுப்பது தாளாளர் என்ற முறையில் நம் பொறுப்பு. உண்டியல் குறைந்தாலும் அது குறையாது.

பெற்றோரே, கட்டணத்தை மூன்று தவணையாகக் கட்டலாம். கட்ட இயலாதவர்கள் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாமல் நம்மிடம் தனியே வந்து சொல்லுங்கள். பள்ளியைப்பற்றிய குறையைத் தேநீர்க் கடையில் சொல்வதைவிட, வாரம் ஒரு நாள் உள்ளே வந்து அம்மாவிடமே சொல்வது நலம். பேரவை உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கணக்கேட்டை மூன்று மாதத்திற்கு ஒருமுறை பார்த்தால் போதும். நட்ட செடியைத் தினமும் பிடுங்கிப் பார்த்தால் வேர் எப்படிப் பிடிக்கும்?

சப்பரப் பலகைகளை வரும் சனிக்கிழமை இளைஞர் குழுவினர் கெபிக்குப் பின்னாலுள்ள கொட்டகைக்கு மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது அறையின் சாவி இதோ. அம்மா, வந்து பெற்றுக்கொள்ளுங்கள்.