நாயோடு மலை ஏறினோம்

(வைத்தியசாலை ஆதரவாளர் ஒன்றுகூடலில், சுவிற்சர்லாந்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த தம்பதியர் ஆற்றிய உரை)



எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று கேட்டபோது, "நாயோடு மலை ஏறுவதைப் பற்றி" என்று சொன்னோம். கேட்டவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததில் பிழையில்லை. எங்கள் ஊரில் நாய் வளவைக் காக்கும். மிஞ்சிய சோற்றைத் தின்னும். ஒருவனை ஏச வேண்டுமென்றால் அதன் பெயரைச் சொல்வோம். வேதத்திலும் நாய்க்கு நல்ல பெயர் அதிகம் இல்லை. ஆனாலும் லாசருவின் புண்களை நக்க வந்தவை நாய்கள்தான். கத்தோலிக்க சகோதரரின் வேதாகமத்தில் உள்ள தோபித்து ஆகமத்தில், தோபியா தூர தேசத்துக்குப் புறப்படும்போது வானதூதரோடு ஒரு நாயும் கூடப் போகிறது. அந்த நாய் அங்கே ஒரு வேலையும் செய்யவில்லை. கூட நடந்தது, அவ்வளவுதான். அதைப் பற்றித்தான் நாங்கள் இன்று பேச வந்தோம்.

நாயோடு நாங்கள் நடந்த முதலாவது நீண்ட நடை மகிழ்ச்சிக்காக நடந்ததல்ல. அது 1995 ஒக்டோபர் 30 இரவு. உங்களில் பலர் அந்த இரவில் அதே வீதியில் நின்றவர்கள். நாங்கள் அதை விவரிக்கத் தேவையில்லை. எங்கள் மகனுக்கு அப்போது நான்கு வயது. ஒரு சைக்கிள், இரண்டு பைகள், ஒரு கயிற்றின் நுனியில் ஜிம்மி. நாவற்குழிப் பாலத்தை நெருங்கியபோது மழையிலும் சனநெருக்கத்திலும் காலை எடுத்து வைக்க இடமில்லை. பிள்ளையைத் தூக்க வேண்டியிருந்தது. சைக்கிளையும் பிடிக்க வேண்டியிருந்தது. பாலத்தின் மறுகரையில் பார்த்தபோது கயிறு எங்கள் கையில் இல்லை. விட்டது யார் என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்கவில்லை. பல வருடங்கள் கேட்கவில்லை. எத்தனையோ பேர் எவ்வளவோ பெரியவற்றை இழந்த இரவில், ஒரு நாய்க்காக அழுவது வெட்கம் போலவும் இருந்தது.

1998இல் நாங்கள் சுவிசுக்குப் போய்ச் சேர்ந்தோம். பேர்ண் நகரில் நான்காம் மாடியில் ஒரு வீடு. ஒருவருக்கு உணவகச் சமையலறையில் வேலை, மற்றவருக்குத் துப்புரவு வேலை. வீடு, வேலை, ஆராதனை என்று பதின்மூன்று வருடங்கள் போயின. அதே கட்டடத்தில் இருந்தவர்களோடு ஒரு வணக்கத்துக்கு மேல் நாங்கள் கதைத்ததில்லை. 2011இல் வைத்தியர் சீனி வியாதி என்றார், இரத்த அழுத்தமும் உண்டு என்றார். மாத்திரை தந்தார். "தினமும் நடவுங்கள்" என்றும் சொன்னார். மாத்திரையை விழுங்கினோம். நடக்கவில்லை. குளிர், மழை, களைப்பு என்று ஒவ்வொரு நாளும் ஒரு சாட்டு இருந்தது.

அந்த மாரிகாலத்தில் கீழ் மாடியில் தனியாக இருந்த ஒரு வயதான அம்மா பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவரிடம் பெலா என்ற ஆறு வயது நாய் இருந்தது. ஒரு நாள் அவர் எங்கள் கதவைத் தட்டச் செய்து, "ஒரு கிழமைக்கு மட்டும் இவளை வெளியே கொண்டுபோவீர்களா?" என்று கேட்டனுப்பினார். எங்களில் ஒருவர் உடனே சம்மதித்தார். மற்றவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஜிம்மிக்குப் பின் நாங்கள் எந்த நாயையும் தொட்டதில்லை. ஆனால் வயோதிபர் ஒருவர் கேட்டதை மறுக்க முடியவில்லை. ஒரு கிழமை என்று தொடங்கியது ஏழு வருடம் நீண்டது.

இனி, அதனால் நாங்கள் கண்ட நன்மைகளைச் சொல்கிறோம்.

முதலாவது, நாய்க்குச் சாட்டுச் சொல்ல முடியாது. மழையோ பனியோ, காலையில் அது கதவடியில் வந்து நிற்கும். வைத்தியர் சொல்லியும் நடக்காத நாங்கள், பெலா பார்த்த பார்வைக்காக நடந்தோம். காலையில் அரை மணி, பின்னேரம் ஒரு மணி. அடுத்த வருடம் சீனியின் அளவு இறங்கியிருந்தது. மாத்திரையை நிறுத்தவில்லை. நிறுத்தவும் கூடாது. ஆனால் கூட்ட வேண்டிய தேவை வரவில்லை.

இரண்டாவது, மனிதர்கள் எங்களோடு பேசினார்கள். நாய் இல்லாமல் நடந்த அந்நியரை யாரும் நிறுத்தவில்லை. நாயோடு நடந்தபோது, அதன் பெயர் என்ன, வயது என்ன என்று கேட்டார்கள். பிறகு எங்கள் பெயரையும் கேட்டார்கள். பதின்மூன்று வருடத்தில் கற்காத மொழியை ஆற்றங்கரையில் ஒரு வருடத்தில் கற்றோம்.

மூன்றாவது, மலையைக் கண்டோம். அத்தனை வருடமும் அந்த மலைகளை நாங்கள் ஜன்னலால் பார்த்ததே தவிர ஏறியதில்லை. அது வசதி படைத்தவர்களின் காரியம் என்று எண்ணியிருந்தோம். அப்படியல்ல. அந்த நாட்டில் 65,000 கிலோமீற்றருக்கு மேல் நடைபாதைகள் உண்டு. நடைபாதைகளைப் பேணுவது 1979இல் மக்கள் வாக்களித்து அரசியல் யாப்பில் சேர்த்த கடமை. சந்திகளில் மஞ்சள் பலகைகள் இருக்கும். அவற்றில் தூரத்தைப் போடமாட்டார்கள். நடக்க எத்தனை மணி எத்தனை நிமிடம் என்று போட்டிருப்பார்கள். பாதை கடினமானால் வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு இருக்கும். கட்டணம் இல்லை. நாய்க்கும் ரயிலில் அரை டிக்கெட் எடுக்க வேண்டும், அது மட்டும்தான். முதலில் நகரத்தின் ஓரத்தில் 858 மீற்றர் உயரமான குர்ட்டன் குன்றில் ஏறினோம். பிறகு கான்ட்றிஷ் மலைப்பக்கம் போகத் தொடங்கினோம்.

நாயோடு ஏறும்போது வேகமாகப் போக முடியாது. அது நின்று மோப்பம் பிடிக்கும். ஆரம்பத்தில் இழுத்தோம். பிறகு நாங்களும் நிற்கப் பழகினோம். அது நின்ற இடங்களில்தான் மான் போன தடத்தையும் கல்லிடுக்கில் பூத்திருந்த பூவையும் கண்டோம். எங்களுக்கென்று ஒரு சிறு ஒழுங்கும் உண்டாயிற்று. நாய்க்கும் சேர்த்துத் தண்ணீர் எடுப்போம். இரண்டு மணிக்கொரு தரம் பாதங்களைப் பார்ப்போம், ஏனென்றால் கூரான கல் பாதத்தைக் கிழிக்கும். வீட்டுக்கு வந்ததும் காதோரமும் கக்கத்திலும் உண்ணி தேடுவோம். வெயில் நாளில் விடியற்காலையிலேயே புறப்படுவோம், ஏனென்றால் நாய்க்கு எங்களைப் போல வியர்த்துக் குளிர்ந்துகொள்ள முடியாது.

இனிச் சொல்வது எங்களுக்கு இலேசான காரியமல்ல.

2012 கோடையில் ஒரு நாள், கன்றுகளோடு பசுக்கள் மேயும் மலைப் புல்வெளியைக் கடந்தோம். அங்கே கன்றுள்ள பசு நாயை ஓநாயைப் போலத்தான் பார்க்கும். ஒதுங்கித்தான் போனோம். ஆனாலும் ஒரு பசு தலையைக் குனிந்துகொண்டு எங்களை நோக்கி வந்தது. பாதை ஓரத்து அறிவித்தலில் படங்களோடு போட்டிருந்தது எங்களுக்கு நினைவு வந்தது: பசு தாக்க வந்தால் நாயின் கயிற்றை விட்டுவிட வேண்டும். பசுவின் கோபம் மனிதர் மேல் அல்ல, நாய் மேல். நாய் ஓடித் தப்பும். கயிற்றைப் பிடித்திருந்தால் மனிதரும் மிதிபடுவர், நாயும் மிதிபடும்.

அறிவுக்குத் தெரிந்தது, கை கேட்கவில்லை. கயிற்றைப் பிடித்திருந்தவர் இரண்டு கையாலும் இன்னும் இறுக்கிப் பிடித்தார். மற்றவர் "விடு, விடு" என்று கத்தினார். பசு பத்து அடிக்குள் வந்தபின்தான் கை திறந்தது. பெலா பள்ளத்தை நோக்கிப் பாய்ந்தாள். பசு அவள் பின்னே கொஞ்சத் தூரம் ஓடிவிட்டுத் திரும்பித் தன் கன்றிடம் போயிற்று. நாங்கள் வேலியைத் தாண்டி மறுபுறம் போய் நின்றோம். இருபது நிமிடம் நின்றிருப்போம். பிறகு கீழேயிருந்து, கயிறு பின்னால் இழுபட, நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு அவள் ஏறி வந்தாள்.

அங்கேயே ஒரு மரக்குற்றியில் இருந்து அழுதோம். பதினேழு வருடத்துக்குப் பின் அன்றுதான் நாவற்குழியைப் பற்றிக் கதைத்தோம். ஒருவர், "அன்று நான்தான் விட்டேன்" என்றார். மற்றவர், "இல்லை, பிள்ளையைத் தூக்க நான் உன் கையிலிருந்து வாங்கினேன், விட்டது நான்" என்றார். பார்த்தால், அத்தனை வருடமும் நாங்கள் இருவரும் தனித்தனியே அதே பாரத்தைச் சுமந்திருக்கிறோம், மற்றவர் குற்றப்படுத்துவார் என்று பயந்து. ஜிம்மி திரும்பி வரவில்லை. ஆனால் அந்தப் பாரம் அன்று இறங்கியது. வீட்டில் சுவருக்குள் இருந்து அதை எங்களால் கதைத்திருக்க முடியாது.

2014இல் பெலாவோடு மகா பெர்னார்ட் கணவாய்க்குப் போனோம். மார்ட்டினி நகரிலிருந்து ஒர்சியேர் வரை ரயில், பிறகு பஸ். சுவிசுக்கும் இத்தாலிக்கும் இடையில், 2,469 மீற்றர் உயரத்தில், பதினொராம் நூற்றாண்டில் ஆவோஸ்தா நகர்த் திருச்சபையின் பெர்னார்ட் என்பவர் வழிப்போக்கருக்கு ஒரு விடுதி கட்டினார். அது இன்றும் திறந்திருக்கிறது. அங்கிருந்த துறவிகள் பதினேழாம் நூற்றாண்டில் காவலுக்குப் பெரிய நாய்களை வளர்த்தார்கள். வழிகாட்டிகள் அவற்றை முன்னே விட்டுப் பனியில் நடந்தபோது, அவை மூடுபனியில் பாதையைக் கண்டுபிடிப்பதையும் பனிக்குள் புதைந்தவரை மோப்பம் பிடிப்பதையும் கண்டார்கள். பாரி என்ற நாய் 1800 முதல் 1814 வரை வாழ்ந்தது. நாற்பது பேருக்கு மேல் காப்பாற்றியது என்பார்கள். அதன் உடல் எங்கள் பேர்ண் நகர நூதனசாலையில் பதப்படுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. கழுத்தில் சாராயப் பீப்பா கட்டிய நாயைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது 1820இல் லான்ட்சீர் என்ற இளம் ஆங்கிலேய ஓவியர் வரைந்த படத்திலிருந்து பரவிய கதை. பீப்பா கற்பனை, காப்பாற்றியது உண்மை.

1964இல் மலைக்குள் சுரங்கப்பாதை திறந்தபின் கணவாயில் நடப்போர் குறைந்தனர். மீட்பு வேலையை இன்று ஹெலிகொப்டரும் உடல் சிறிய வேறு இன நாய்களும் செய்கின்றன. சில துறவிகளே மிஞ்சியபடியால் அத்தனை பெரிய நாய்களைப் பராமரிப்பது அவர்களுக்கு முடியாமற்போயிற்று. 2005இல் பாரி பெயரால் ஒரு அறக்கட்டளை அமைந்து நாய்களைப் பொறுப்பேற்றது. நன்கொடையாளரே அதைத் தாங்குகிறார்கள். கோடையில் நாய்கள் கணவாய்க்கு வரும், வருவோர் அவற்றோடு நடக்கலாம். நாங்களும் நடந்தோம். பெலா அந்த ராட்சத நாயின் வயிற்றுக்குக் கீழே நடந்தாள்.

அதே றோன் பள்ளத்தாக்கில் இன்னொன்று நடந்தது. 1978இல், கோழித்தலைகளுக்குள் விசர்நாய்க்கடித் தடுப்பு மருந்தை வைத்து நரிகளுக்குப் போட்டார்கள். அந்த முயற்சி நாடு முழுவதும் பரவி, 1999இல் சுவிஸ் அந்த நோயிலிருந்து விடுபட்டது. இங்கே நாங்கள் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. ஆகவே நாயோடு நடக்க ஆசைப்படும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி போடுங்கள். எந்த நாய் கடித்தாலும் கீறினாலும் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மிளகாயும் சுண்ணாம்பும் பூசாதீர்கள். அன்றைக்கே வைத்தியசாலைக்கு வாருங்கள். அறிகுறி கண்டபின் வந்தால் வைத்தியரால் அநேகமாக ஒன்றும் செய்ய முடியாது.

பெலா 2018இல் பதின்மூன்றாவது வயதில் இறந்தாள். அப்போது முதியோர் இல்லத்திலிருந்த அந்த அம்மாவிடம் கடைசி வரை ஞாயிறுதோறும் அவளைக் கூட்டிப் போனோம். இப்போது அயலவர் ஒருவரின் நாயோடு நடக்கிறோம். அதற்கு மலை பிடிக்காது, ஆறுதான் பிடிக்கும்.

இம்முறை ஊருக்கு வந்ததும் நாவற்குழிப் பாலத்தில் இறங்கி நடந்தோம். மகனுக்கு இடத்தைக் காட்டினோம். தெரு நாய் ஒன்று பாதித் தூரம் எங்கள் பின்னே வந்தது. கையில் இருந்த பணிசைக் கொடுத்தோம்.

 உங்கள் கொடையாலும் ஜெபத்தாலும் இந்த வாசல் திறந்திருக்கிறது. கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும், உங்கள் வளவில் காவலிருக்கும் ஜீவன்களையும் ஆசீர்வதிப்பாராக.