நடுக்கள வீரர் இனியெஸ்தா
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சான்றோர் வரலாறுகள் பேசப்படும் இம்மேடையில் ஓர் உதைபந்தாட்டக்காரரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேனே என்று பெரியோர்கள் வியக்கலாம். பந்தை உதைப்பதிற் கற்க என்ன உண்டு என்றும் கேட்கலாம். அவ்வினாவுக்கு விடையாக, ஸ்பெயின் தேசத்து அந்திரேஸ் இனியெஸ்தாவின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்கின்றேன்.

1984 ஆம் ஆண்டு ஒரு சிற்றூரிற் பிறந்த இவர், பன்னிரண்டாம் வயதிற் பார்சலோனாக் கழகத்தின் பயிற்சி இல்லத்திற் சேர்ந்தார். பெற்றோரைப் பிரிந்த துயரால் அங்கே அழுததை அவரே பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார். 2002 இற் கழகத்தின் முதல் அணியில் ஆடத் தொடங்கினார். உருவத்திற் சிறியவர்; அமைதியான சுபாவமுடையவர்.

நடுக்கள ஆட்டக்காரரின் கடமை யாது? பின்னே நிற்போர் மீட்டுத் தரும் பந்தை வாங்கி, எதிரணியினர் சூழ்ந்து நெருக்கும்போதும் இழக்காது காத்து, முன்னே நிற்பவனிடம் தக்க வேளையிற் சேர்ப்பதே. கரகோஷமோ கோல் அடித்தவனுக்கே! பார்சலோனாவுக்காக 674 ஆட்டங்கள் ஆடிய இனியெஸ்தா அடித்த கோல்கள் 57 மாத்திரமே. ஆயினும் அவர் காலத்தில் அக்கழகம் ஸ்பெயின் தேசத்து லீக் பட்டத்தை 9 முறையும், ஐரோப்பிய சம்பியன் கிண்ணத்தை 4 முறையும் வென்றது. பலனைத் தனதென்று கொள்ளாது கடமை செய்தல் என்று நம் பெரியோர் போதிப்பதற்கு இதனினும் எளிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் இவரது கழகம் ஐரோப்பிய கிண்ணத்தை வென்றது. உலகம் புகழ்ந்த அவ்வேளையிலேதான் அவருள்ளம் இருளத் தொடங்கிற்று. காயங்கள் தொடர்ந்தன. ஆகஸ்ட் மாதத்தில் அவருடைய நண்பர் டானி ஹார்க்கே, 26 வயதிலேயே, இருதயம் நின்று இறந்தார். அவர் அதே நகரத்தின் போட்டிக் கழகமாகிய எஸ்பான்யோலின் தலைவர். இனியெஸ்தா மனச்சோர்வு நோய்க்கு ஆளானார். அதனை அவர் மறைக்கவில்லை. கழகத்தாரிடம் கூறினார், உளநல நிபுணரை நாடினார்.

2010 யூலை 11. யொகன்னஸ்பேர்க்கில் உலகக் கிண்ண இறுதியாட்டம். ஸ்பெயினும் ஒல்லாந்தும் கோல் எதுவுமின்றி நின்றன. மேலதிக நேரத்தில், 116 ஆம் நிமிடத்தில், இனியெஸ்தா பந்தை வலைக்குள் அடித்தார். ஸ்பெயின் முதன்முறையாக உலகக் கிண்ணத்தை வென்றது. மேற்சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடினார். உட்சட்டையில், டானி ஹார்க்கே என்றும் எம்மோடிருக்கிறான் என்ற பொருளில் எழுதப்பட்டிருந்தது. சட்டையைக் கழற்றியதற்காக மத்தியஸ்தர் மஞ்சள் அட்டை காட்டினார். உலகமே தன்னைப் பார்த்த ஒரு கணத்தில், அவர் காட்டியது தம் பெயரையன்று; போட்டிக் கழகத்து நண்பனின் பெயரை! அவ்வாண்டு டிசம்பரில் அவர் எஸ்பான்யோலின் மைதானத்துக்குச் சென்றபோது, அக்கழகத்தின் இரசிகர்களே எழுந்து நின்று கரகோஷம் செய்தனர்.

2018 இற் பார்சலோனாவை நீங்கிய அவர், யப்பானிய கோபே நகரக் கழகத்திலும் பின்னர் வேறொரு கழகத்திலும் ஆடி, 2024 ஒக்டோபரில் ஓய்வு பெற்றார்.

இளைஞர்களே! பரீட்சையிலே தவறியவன், வேலையின்றித் திரிபவன், உற்றாரை இழந்தவன் நம்மிடையேயும் இருக்கிறான். அவன் மௌனமாய் ஒதுங்கினால் "கர்வம்" என்கிறோம். அழுதாற் "கோழை" என்கிறோம். பெரியோர்களே! கோயிலுக்குப் போ, எல்லாம் சரியாகும் என்று சொல்லி அவனை அனுப்பிவிடுகிறோம். வழிபாடு வேண்டியதே. ஆனால் அவனோடு கூடக் கோயிலுக்கு நடந்து போகவும், அவன் சொல்வதைக் கேட்கவும், வேண்டுமாயின் வைத்தியரிடம் அழைத்துச் செல்லவும் ஒருவர் வேண்டுமல்லவா? உலகக் கிண்ணத்தை வென்று கொடுத்தவனுக்கே துணை வேண்டியிருந்தது.

நம் சங்கத்திலே அத்தகைய துணையாய் ஒவ்வொருவரும் நிற்போமாக.