மஞ்சக் கடுதாசின்னா அவமானமா?

விவசாயப் பெருமக்களே!

கடன்பட்டவன் "மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்"னு ஊர் பேசினா தலைகுனிகிறோம். ஏன் குனியணும்? கம்பெனிகளுக்கு 2016-ல் புதுத் திவால் சட்டம், சென்னையிலேயே தீர்ப்பாயம். கோடிக்கணக்கில் பாக்கி கழிகிறது. எந்த முதலாளி தலைகுனிந்தான்? அந்தச் சட்டத்தின் தனிநபர் பகுதி சாதாரண விவசாயிக்கு இன்னும் அமலாகவில்லை. நமக்கு 1920-ஆம் வருஷத்து மாகாணத் திவால் சட்டம்தான்.

கடன் 500 ரூபாய் இருந்து, கட்ட வழியில்லாதவர் செங்கல்பட்டு கோர்ட்டில் மனுப் போடலாம். ஏர், உழவு மாடு, விதைநெல், குடியிருக்கும் வீடு ஜப்திக்கு வராது; சிவில் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவு சொல்கிறது. மற்ற நிலம் கோர்ட்டு வசம் போகும்; விற்று எல்லாக் கடன்காரருக்கும் பங்கு. மாமல்லபுரம் ரோட்டோர நிலத்தை ஒருத்தன் மட்டும் மிரட்டி அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்க முடியாது. ஆனா அடமானச் சொத்துக்கு இந்தக் காப்பு இல்லை. படிக்காமல் கையெழுத்துப் போடாதீங்க!

இதை நமக்கு யார் வந்து சொன்னாங்க? 1987-ஆம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

நம் கோரிக்கை: திருக்கழுக்குன்றம், திருப்போரூர், செய்யூர் கிராமங்களில் மாதாமாதம் கடன் சட்ட உதவி முகாம் நடத்து!

ராத்திரியோடு ஊரைவிட்டு ஓட வேண்டாம். பகலில் கோர்ட்டுப் படி ஏறுவோம், வாங்க!