கணினிக்கேற்ற ஒலிபெருக்கி

விளையாட்டுக்கும் இசைக்கும் ஒரே ஒலிபெருக்கி போதுமா என்னும் வினா இன்று பல வீடுகளில் எழுகின்றது. பிள்ளை கணினியிற் போர் விளையாட்டு ஆடி எழுந்தபின், தாயார் அதே கணினியிற் கருநாடக இசை கேட்க அமர்கின்றார். இருவருக்கும் வெவ்வேறு சோடி வாங்க மாதச் சம்பளம் இடங்கொடாது. ஆகவே வாங்கும் ஒன்றை அறிந்து வாங்கவேண்டியிருக்கின்றது.

கடைக்குச் செல்பவரை முதலில் மயக்குவது, பெட்டியின்மேற் கொட்டை எழுத்திற் காணப்படும் வாட் கணக்கு. கையகலக் கருவியொன்று 1,000 வாட் என்று பறைசாற்றும். அது கணநேர உச்சத்தைக் குறிப்பதாகச் சொல்லப்படும் எண். இடையறாது வழங்கும் வலுவன்று. இதனைச் சோதிக்கப் பொறியியற் கல்வி வேண்டியதில்லை. உடன்வரும் அடப்டரைத் திருப்பிப் பார்த்தால், 12 வோல்ட், 2 அம்பியர் என்பதுபோல் எழுதியிருக்கும். பெருக்கினால் 24 வாட். உட்செல்வது இருபத்துநான்காயின், தொடர்ந்து வெளிவருவது அதனினும் மிகுதியாதல் எங்ஙனம்? மேசையருகில் அமர்ந்து கேட்பவருக்கு மெய்யான பத்து வாட்டே தாராளம். வலுவை இருமடங்காக்கினால் ஓசையும் இருமடங்காகும் என்று எண்ணுவதும் பிழை. காதுக்கு அவ்வாறு தோன்ற, வலு ஏறத்தாழப் பத்து மடங்காதல் வேண்டும்.

வாட்டினும் முக்கியமானது கூம்பின் அளவு. 1925இல் ரைஸ், கெலொக் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் இருவர் வெளியிட்ட அமைப்பே இன்றும் பெரும்பாலான ஒலிபெருக்கிகளில் உள்ளது. காந்தத்தினிடையே கம்பிச்சுருள் அசைய, அதனோடு பிணைந்த கூம்பு காற்றைத் தள்ளுகின்றது. தாழ்ந்த ஒலிக்கு மிகுந்த காற்றைத் தள்ளவேண்டும்; இரண்டங்குலக் கூம்பினால் அது இயலாது. மிருதங்கத்தின் இடந்தலை தகரத்திற் தட்டியதுபோல் ஒலிப்பதும், விளையாட்டில் வெடி 'படக்'கென்று அடங்கிவிடுவதும் இதனாலேயே. நான்கங்குலக் கூம்புடைய நல்ல சோடி இரு தேவைக்கும் பெரும்பாலும் ஈடுகொடுக்கும். சப்வூபர் எனப்படும் தனிப்பெட்டி சேர்ந்தவை வெடியை நெஞ்சதிரக் கேட்பிக்கும் என்பது உண்மை. ஆயினும் மலிவானவற்றிற் பாடகரின் குரல் அவ்வதிர்விலே மூழ்கிவிடும். இசைக்கும் பயன்படவேண்டுமாயின் அவற்றை ஒதுக்குதலே நன்று.

விளையாடுபவருக்கு எதிரியின் காலடி இடமிருந்தா வலமிருந்தா வருகின்றது என்பது உயிர்ப்பிரச்சினை; ஆட்டத்திலுள்ள உயிர்தான்! இரு காதுகளையும் ஒலி எட்டும் நேரத்திலும் அளவிலுமுள்ள நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டே மூளை திசையறிகின்றது. எனவே பெட்டிகள் இரண்டும் கேட்பவரின் தலையும் சமபக்க முக்கோணமாக அமைதல் வேண்டும். பாடகர் நடுவிலும் வயலின் ஒருபுறமுமாக இசையரங்கு விரிந்து தோன்றுவதும் இவ்வமைப்பினாலேயே. அறையின் மூலையில் வைத்தாற் சுவர்கள் தாழ்ந்த ஒலியைப் பெருப்பித்துக் குழப்பும்.

கம்பியில்லாப் புளூடூத் இணைப்பில் ஒலி சற்றுப் பிந்தி வரும். பாட்டுக்கு அதனாற் குறையில்லை. துப்பாக்கி வெடித்தபின் ஓசை வருவது விளையாட்டுக்கு ஆகாது. ஆதலாற் கம்பியிணைப்பும் உண்டா என்பதைக் கடையிலேயே பார்த்துக்கொள்ளவேண்டும். கடைக்காரர் அதிரும் பாட்டொன்றை உரக்கப் போட்டுக் காட்டுவார். அதனை நிறுத்துவித்து, பலமுறை கேட்டுப் பழகிய பாட்டொன்றைத் தாழ்ந்த அளவிற் போடச் சொல்லிக் கேட்பவருக்குக் கருவியின் தரம் ஐந்து நிமிடத்திற் தெரிந்துவிடும்.